தாழிக்காடு

“இந்தா வாரேன்” என்றான் ஹாரூன். ஆனால் இந்தத் தடவை குரல் குழிக்குள்ளிருந்து வரவில்லை. அதற்கும் கீழேயிருந்து வந்தது.

ஆசிபா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் எரிச்சல் அவளுக்கு. எட்டயபுரத்தில் தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அக்காக்காரி போய்ச் சேராமல் அவள் சேலைகூடக் கட்டமாட்டாள். இந்த மனுஷனோ, செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் வெளியே தெரிகிறதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, புதூர் தாண்டியதும் பைக்கைக் கரிசலுக்குள் இறக்கிவிட்டான். அவளைப் பைக்கிடம் நிறுத்திவிட்டு, தள்ளியிருந்த குழிக்குள் இறங்கியும்விட்டான். ஞாயிற்றுக்கிழமையானால் போதும், பழைய கல்லும் பழைய பானையும் அவனை இழுத்துக்கொள்ளும். பெண்டாட்டியும் பின்னாலேயே இழுபட வேண்டும்.

“ஏங்க, மாப்ள வீட்டுக்காரவிய வந்துருவாவ!”

“இந்தா வாரேன்.”

உச்சி வெயிலில் காடு வெடித்துக் கிடந்தது. காய்ந்த பருத்திமார் வாசனையோடு, வெகுநாள் மூடிவைத்த தானியக் குலுக்கையைத் திறந்தால் வருமே, அந்தப் புழுங்கல் வாடையும் வெடிப்புகளிலிருந்து மெல்ல ஏறி அவள் முக்காட்டுக்குள் வந்து தங்கியது. ஒரு காக்காய்ச் சத்தம்கூட இல்லை.

“என்னதான் செய்யுதீங்க அங்கன?”

“இந்தா வாரேன்.”

குரல் மெலிந்திருந்தது. பல் போன கிழவர் பேசுவதுபோல.

கேலி பண்ணுகிறான். அழுகையும் ஆத்திரமுமாக நடந்தாள். நடக்க நடக்கக் காலடியில் தாழி விளிம்புகள், மண்ணோடு மண்ணாக. கரம்பை மண் அள்ளிய அந்தக் குழியை எட்டிப் பார்த்தாள்.

அவனுடைய செருப்பு மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய தாழி. சுற்றிலும் ஆள் மறைய ஒரு செடி கிடையாது.

“இந்தா வாரேன்.”

தாழிக்குள்ளிருந்து.

குதித்து இறங்கினாள். தாழியின் மூடி மண்ணோடு இறுகிப்போயிருந்தது. நகத்தால் பறண்டினாள். நகம் பிய்ந்தது. மூடி அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரைக்கும் வந்த பேர் வெளியே வரவில்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் கத்தினாள்.

“போதும்! எந்திரிச்சு வெளிய வாங்க!”

அவள் கூப்பிட்டது ஒருத்தரைத்தான்.

தாழி பேசவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு பேசியது. அப்புறம் பைக் நின்ற பக்கம். அப்புறம் தூரத்தில். மெலிந்த, பல்லில்லாத குரல்கள். எல்லாம் ஒன்றாக.

“இந்தா வாரோம்.”

பைக் சாய்ந்தது. காடு முழுக்க, வட்டம் வட்டமாக, கரிசல் மேலே எழும்பிக்கொண்டிருந்தது.