கால்மாட்டுச் செங்கல்

செண்பகத்தின் கட்டில் சரிந்திருந்தது. விளக்கேற்ற வந்த குருவம்மாள் குனிந்து பார்த்தாள். கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்திருந்தது. மகளின் தலை தாழ்ந்து, பின்னல் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

கேட்டதற்குப் புருஷன் நம்பிராஜன், "மெட்ராஸ்ல இப்படித்தான வச்சிருந்தாவ" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குச் சோடா போடப் போய்விட்டான்.

குற்றாலத்தில் சீசன். சாரல் ஓயாமல் விழுந்து, உடுத்த துணியும் படுத்த பாயும் ஈர வாடை அடித்தன. அருவி இரைச்சல் சுவருக்குள் புகுந்துகொண்டு ராப்பகல் விடுவதில்லை. அந்த இரைச்சலிலும் மகளின் மூச்சுச் சத்தம் தனியாகக் கேட்கும் குருவம்மாளுக்கு. பெற்றவள் காது அல்லவா!

ஒற்றைப் பிள்ளை. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. நாலு எட்டு வைத்தால் உதடு நீலமாகிவிடும். போன தையில் மெட்ராசுக்குக் கொண்டுபோனார்கள். இருதயத்தின் வேலையைக் கொஞ்ச நேரம் மெஷின் பார்க்கும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கத்தியைவிடக் காற்றுக்குத்தான் பயமாம். ஒரு குமிழி மூளைக்குள் போனால் பிள்ளை பிள்ளையாக இருக்காதாம். அதனால் குழாய்களை விரலால் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டுவார்களாம். குமிழி மேலே ஏறும் சாதி என்பதால் மேஜையைச் சாய்த்துத் தலையைத் தாழ்த்தி வைப்பார்களாம். திறந்த நெஞ்சுக்குள் காற்று தங்காதபடி ஒரு காஸை நிரப்புவார்களாம். அது ரத்தத்தில் சட்டென்று கரைந்துவிடுமாம். "உங்க சோடாவில் இருக்கிற காஸ்தான்" என்றார். அத்தனை கலக்கத்திலும் நம்பிராஜனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்ம காஸுதாம்ட்டி" என்று வராந்தாவில் வைத்து அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஓட்டை அடைபட்டது. அவ்வளவு காபந்தையும் மீறி ஒரு குமிழி போய்விட்டது. இப்போது இருதயம் ஜோராக அடிக்கிறது, உதடு சிவந்திருக்கிறது, கண் திறந்திருக்கிறது. அம்மாவைத் தெரியவில்லை. குமிழி எப்போதோ கரைந்துவிட்டது, அது செய்த சேதம்தான் மிச்சம் என்று டாக்டரே தலைகுனிந்து சொன்னார். குருவம்மாளுக்கு விளங்கியது, அழுது தீர்த்தாள். நம்பிராஜன் காதில் குமிழி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் இன்னொரு செங்கல் ஏறியது. அதற்கும் மறுநாள் இன்னொன்று. சாயங்காலமானால் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தட்டுவானே, அதே மாதிரி அவள் நெற்றிப்பொட்டில் தட்டினான். டொக். டொக். வலிக்காமல், அவ்வளவு பிரியமாக. கையை எடு என்று வாய்வரை வந்ததை, பாவம் என்று விழுங்கிக்கொண்டாள். விட்டிருக்கக் கூடாது.

ஒருநாள் அவன் தட்டி நிறுத்தினான். நிறுத்திய பிறகு ஒரு தட்டு கேட்டது.

உள்ளேயிருந்து.

ஓட்டில் விழுந்த மழைத்துளி என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவன் மட்டும் சிரித்தான். பிள்ளை மெட்ராஸ் போனதிலிருந்து அவன் சிரித்ததே இல்லை.

அடுத்த நாள் காட்டு வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. பால் வாங்கிக்கொண்டு திரும்பியவள், கொட்டகையில் சோடா மெஷின் சுற்றும் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றாள். கடகட. கடகட. குடிக்க ஆளில்லாத நாளில் யாருக்குச் சோடா?

உள்ளே போனாள். கட்டில் காலி. போர்வை மடித்திருந்தது. செங்கல் ஒன்றைக்கூடக் காணோம்.

சத்தம் நின்றது.

கொட்டகைக் கதவைத் தள்ளினாள். மெஷின் சாக்குப் போட்டு மூடியபடி இருந்தது. சுற்றியது அதுவல்ல. விட்டத்தில் கிணற்று உருளை. உருளையில் கயிறு. கயிற்றில் செண்பகம்.

தலைகீழாக.

கணுக்கால் நோகாமல் துணி சுற்றிக் கட்டியிருந்தான். பாவாடை சரியாமல் தன் துண்டால் முழங்காலோடு முடிந்திருந்தான். பெற்ற தகப்பன் அல்லவா! அடியில் செங்கல்மேல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

"கிளம்பிட்டு குருவு. கழுத்துக்கு ஏறிட்டு. இன்னுங் கொஞ்சந்தான்."

பால் செம்பு விழுந்தது. ஓடிப்போய் மகளின் தோளைத் தாங்கினாள். செண்பகத்தின் கண் அசைந்தது. தேடியது. அம்மாவின் முகத்தில் வந்து நின்றது. தெரிந்துகொண்டது.

"அம்மா."

அதே குரல். பழைய குரல்.

"ஏ என் தங்கம்..."

மகளின் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. கவிழ்த்த சோடா பாட்டிலில் கோலி உருண்டு கழுத்தை அடைக்கும் சத்தம்.

டக்.

வாய் திறந்தபடியே நின்றது. கண்ணும். மூச்சு இல்லை. கையில் பிடித்திருந்த தோள் கனத்தது.

நம்பிராஜன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நெற்றிப்பொட்டில் தட்டினான். நிறுத்தினான். காதை வைத்துக் காத்திருந்தான்.

உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டியது.