பச்சை ஒயர்

பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் மீட்டருக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆதிமூலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மெதுவாக, ஆனால் நிற்காமல் சுற்றியது. வெளியே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்ய, நாலு மணிக்கே கூடம் இருட்டி, சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கிடந்தது.

ஆதிமூலம் கடலூரில் வேலை பழகி, பிரெஞ்சுக்காரன் போன பிறகு புதுச்சேரிக்கு வந்த ஒயர்மேன். மாசியில் இந்த வீட்டுக்கு மூன்று துளை பிளக் மாட்டியது அவர்தான். புது விதிப் புத்தகத்தை வரிக்கு வரி படித்திருந்தார். இஸ்திரிப் பெட்டியின் இரும்பு உடம்புக்கு எர்த் கட்டாயம். சிவப்பு கரண்டு, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சுவரில் இருந்த பழைய ஒயர்களோ சிவப்பு, சாம்பல், பச்சை. சாம்பலைக் கறுப்பாக எடுத்துக்கொண்டு, பச்சையை எர்த்தில் முடுக்கினார். அப்போது லைனில் கரண்டு இல்லை. டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்க்காமலே கிளம்பிவிட்டார். அந்தக் காலத்தில் இந்த வீட்டுக்கு ஒயர் இழுத்த பிரெஞ்சுக்கார முசே பச்சையில்தான் கரண்டு விட்டிருந்தார்.

மூன்றாம் நாள் முதல்முறையாகப் பெட்டியை மாட்டியபோது அது சூடே ஏறவில்லை. சூடு வந்துவிட்டதா என்று வீட்டு அம்மா ராஜாம்பாள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

சாவு விசாரணையில் ஈரக்கையால் தொட்டதுதான் காரணம் என்று எழுதினார்கள். ஆதிமூலம் வாயைத் திறக்கவில்லை. அன்றே யாரும் பார்க்காமல் ஒயரை மாற்றிக் கட்டிவிட்டார். கோழை! எட்டு மாதமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அரிக்கேன் விளக்கோடு ராஜாம்பாளின் கணவர் ஜானகிராமன் வந்தார். கோர்ட்டு குமாஸ்தா. ஆள் பாதியாகியிருந்தார். கசங்கிய சட்டை. அவள் போன பிறகு அவர் எதையும் தேய்த்துப் போடுவதில்லை.

"வாசன வருதா மேஸ்திரி? இதுக்குத்தான் ஒங்கள வரச் சொன்னேன்."

வந்தது. கஞ்சி போட்ட துணியில் சூடு படும் வாசனை. மேசைமேல் இஸ்திரிப் பெட்டி துருப்பிடித்துச் சும்மா கிடந்தது.

"கரண்டு எங்கயும் கசியல சார்," என்றார் ஆதிமூலம்.

"அப்ப அவதான். எம்மேல கோவம் அவளுக்கு. நான்தான மேஸ்திரி கொன்னேன்? நேரமாச்சு, சட்டையக் குடுடின்னு கத்துனேன். கையத் தொடைக்கக்கூட வுடல."

ஆதிமூலம் அவர் முகத்தைப் பார்த்தார். இன்றும் சொல்லாவிட்டால் இந்த மனிதர் இப்படியே செத்துப்போவார்.

"நீங்க இல்ல சார். நான். பச்ச ஒயர எர்த்துன்னு நெனச்சிக் கட்டிட்டேன். அதுலதான் கரண்டு இருந்திச்சி. காஞ்ச கையால தொட்டிருந்தாலும் அடிச்சிருக்கும். என்ன மன்னிச்சிடுங்க."

ஜானகிராமன் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. விளக்கைக் கீழே வைத்தார்.

"நான் இல்லியா?" என்றார். பிறகு மேசையைப் பார்த்துத் திரும்பி, உடைந்து அழுதார். "ராஜம், கேட்டியாடி? நான் இல்லியாம்!"

மழை நின்றது. மீட்டர் இரைந்தது.

கஞ்சி வாசனை நகர்ந்தது. மேசையிலிருந்து. அவர் பக்கமாக.

ஜானகிராமனின் முதுகில், கசங்கிய சட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மெல்ல அமுங்கியது.

அழுகை பாதியில் அறுந்தது. பல் கிட்டியது. விரல்கள் உள்ளே சுருண்டன. தலைமுடி குத்திட்டு நின்றது. ஆதிமூலத்துக்கு இது என்னவென்று தெரியும். தொடக்கூடாது. மெயினை அணைக்க வேண்டும். எந்த மெயினை?

"வுடும்மா!" என்று அலறினார். "செத்துடுவாரும்மா, வுடும்மா!"

அது கேட்கவில்லை. அழுகிற பிள்ளையைத் தேற்றுவதுபோல் அவர் முதுகை மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தது. தடவிய இடமெல்லாம் சட்டை சுருக்கம் நீங்கி, மொடமொடப்பாகி, மெல்லப் புகையத் தொடங்கியது.