இரவல் கண்

டீயோடு அவள் அறைக்குள் வந்தபோது கணவர் சுவர்ப் பக்கம் பாதி திரும்பியிருந்தார். அவர் முகத்தில் இருந்த கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன.

அவர் கட்டட வரைபடம் போடுகிறவர், வீட்டில்தான் வேலை. ஆபீசில் கொடுத்த கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டால், இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடப்பார். வெளியே இருப்பவர்களுக்கு நீச்சல் கண்ணாடி மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். கிட்டே போனால் புகை விலகுவதுபோல் விலகி, அதில் இரண்டு கண்கள் வரும். முதல் நாள் படம் பிடித்து வைத்த கண்கள் அவை. உள்ளே அவர் பார்க்கிற பக்கம் வெளியே அவையும் பார்க்கும். வயர் கழன்றால் இரண்டே நிமிடம், எல்லாம் அணைந்துவிடும்.

படம் பிடிக்கிற அன்று அவருக்குக் கண்வலி. இரண்டும் தக்காளியாய் வீங்கிக் கிடக்க, கருவி ஏற்கவே இல்லை. மறுநாள் வேலை தொடங்கியாக வேண்டும். அச்சு அசலாக அதே ஜாடையில் இருந்த அவருடைய அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இப்படி ஆடாம உக்காந்ததில்ல, அம்மாடி," என்றார் அண்ணன். அவளை அப்படித்தான் கூப்பிடுவார். சிறுவயதில் பட்ட அடியால் அவருடைய இடது இமை, வலதுக்கு அரை நொடி பிந்தியே மூடும். அதுவும் சேர்ந்து பதிந்துபோனது.

மூன்றாம் மாதம் அண்ணன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். கடைசி நிறுத்தம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாராம்.

"இப்பவாவது மாத்துங்களேன். நான் தூங்கினப்புறந்தான் இதக் கழட்டுறீங்க. உங்க கண்ணு மச்சத்தப் பாத்தே எத்தன நாளாச்சு."

கணவருக்கு வலது கண்ணின் வெள்ளையில் கடுகளவு மச்சம் உண்டு.

"இருந்துட்டுப் போகட்டும் மேடம். எனக்கா தெரியுது? பாக்குறது நீதான," என்றார். கேலியாக அவளை எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

அவளும் விட்டுவிட்டாள். அந்த வீட்டில் அழுகைகூட மரத்துப்போயிருந்தது. காலையில் பாத்திரம், மதியம் துணி, மூன்று மணிக்கு டீ. கை தன்பாட்டுக்குச் செய்தது.

இன்றும் மூன்று மணிதான். மின்விசிறி ஒரே தாளத்தில் கிறீச்சிட, சூடேறிய பிளாஸ்டிக் வாடை நாற்காலியைச் சுற்றித் தேங்கி நிற்க, அதற்கு அடியில் இன்னொரு சத்தம், மெல்லிய, சீரான சத்தம், அவள் காதுக்கு மெதுவாகத்தான் எட்டியது.

குறட்டை.

"தூங்கிட்டீங்களா?"

தலை தொங்கியிருந்தது. கண்ணாடியில் கண்கள் விழித்திருந்தன.

அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். கண்களும் வந்தன. வலப்பக்கம் நகர்ந்தாள். வந்தன. பிறகு ஓரமாக, காதருகே பட்டையை இறுக்கும் திருகைப் பார்த்தன. திரும்பவும் அவளை. திரும்பவும் திருகை. வலது இமை மூடியது. அப்புறம் இடது.

அண்ணன் கழற்றிவிடச் சொல்கிறார் என்று புரிந்தது. பாவம், எத்தனை நாளாகக் கேட்கிறாரோ. பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. டம்ளரை மேசையில் வைத்தாள். திருகைத் தளர்த்தினாள். கருவியைத் தூக்கினாள். வயர் பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

குறட்டை நின்றது.

கணவரின் முகம் நிமிர்ந்தது. கண் திறந்தது. வலது இமை மூடியது.

அப்புறம் இடது.

"டீ ஆறிடுச்சா, அம்மாடி?"

குரல் கணவருடையதுதான்.

கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் இரண்டு கண்கள். இரண்டு இமையும் ஒன்றாகத் துடித்தன. வலது வெள்ளையில் கடுகளவு மச்சம். அவளைப் பார்த்தன. தரையில் கிடந்த வயரைப் பார்த்தன. அவளைப் பார்த்தன.

குனிந்தாள்.

வயரின்மேல் ஒரு கால் இருந்தது. அது நகரவில்லை.

கண்ணாடியின் ஓரங்களிலிருந்து புகை மூடிக்கொண்டு வந்தது. நடுவில் அந்தக் கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.