பின்வரிசைக் குடுவை

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வீரய்யா போட்ட சத்தம் பேராதனைச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். ஆராய்ச்சி நிலையத்தில் வருஷக்கணக்காகக் குடுவை கழுவுகிற மனுஷன், சும்மா கத்துகிற ஆளில்லை.

"மெடம்! எல்லாம் செத்துப் போச்சுங்க!"

செத்தது ஆட்களல்ல, கலங்கள்; உயிரணுக்கள். கலஹாத் தோட்டத்து வடிவம்மாவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்து, பேராசிரியை யசோதா பத்தொன்பது வருஷமாக வளர்த்த புற்றுக் கலங்கள். வெளியே ஒருவருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அவற்றில் சோதித்துத்தான் மருந்து கண்டுபிடித்தார், பேரும் எடுத்தார். அடுத்த மாதம் அந்த மருந்தை முதல் தடவையாக நோயாளிகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். இந்த நேரம் பார்த்து யாரோ குடுவைகளில் பிளீச் ஊற்றியிருக்கிறார்கள். உறைபெட்டிச் சேமிப்பையும் வெளியே போட்டுக் கெடுத்திருக்கிறார்கள். பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சண்முகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி.

"திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"என்கிட்டயும் றலியாகிட்டயும்தான்," என்றார் யசோதா. "நான் வெள்ளிக்கிழமை மத்தியானமே கொழும்புக்குப் போயிட்டேன். இப்பதான் வந்தேன்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. எல்லோரும் றலியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

றலியா அக்குறணைப் பெண். யசோதாவிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். இந்தப் பழி ஒட்டிக்கொண்டால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. பாவம், அழுது முகம் வீங்கியிருந்தது.

"சனிக்கிழமை வந்தனீரோ பிள்ளை?"

"குடைய மறந்துட்டன் சேர். எடுத்துட்டு உடனே போய்ட்டன். அல்லாஹ் மேல ஆணையா ஒண்டையும் தொடல்ல."

"மெடத்தோட சண்டையெண்டு கேள்வி."

"சண்டையில்ல. இது வடிவம்மாட கலம்தானா எண்டு வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாப்பமே எண்டன். நோயாளிக்கு மருந்து குடுக்க முந்திப் பாக்கத்தானே வேணும்? மெடம் ஏசினாங்க, பொறகு சரி எண்டாங்க. நாளைக்கு அனுப்ப இருந்தது."

சண்முகநாதன் கலம் வளர்க்கும் சூட்டுப்பெட்டிக்குள் தலையை விட்டார். குடுவையெல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தன. பின்வரிசையில் ஒன்று மட்டும் நல்ல ரோஸ் நிறம்.

"இது ஏன் இப்பிடி?"

"அது கலத்துக்கு ஊத்துற சாப்பாட்டுட நிறம் சேர்," என்றாள் றலியா. " புதுசா ஊத்தினா ரோஸ். கலம் தின்னத் தின்ன மஞ்சளாகும். பின்வரிசை மெடத்துட, வேற ஒருத்தரும் தொடமாட்டம். எல்லாத்துக்கும் கடைசியா ஊத்தினது வியாழக்கிழமை."

குளிர்பெட்டியில் பேர் ஒட்டிய இரண்டு சாப்பாட்டுப் போத்தல்கள். றலியாவின் போத்தல் மூடி உடைக்காமலே இருந்தது. யசோதாவுடையதில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"ரெண்டும் வெள்ளிக்கிழமை பின்னேரம், றலியா மிஸ் பூட்டுறதுக்கு முன்னாடிதாங்க புதுசா வச்சேன்," என்றார் வீரய்யா.

"ஆளுக்கொரு போத்தல் என்னத்துக்கு?"

"ஒரே போத்தலால ரெண்டு கலத்துக்கு ஊத்தினா, ஒண்டோட ஒண்டு கலந்துரும் சேர். மெடம் போட்ட சட்டம்."

சண்முகநாதன் கதிரையை இழுத்துப்போட்டு யசோதாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கொல்ல வந்த ஆள் ஒரு குடுவைக்குச் சாப்பாடு போட்டிட்டுப் போயிருக்கு மெடம். எதிரி பசி பாப்பானோ? இந்தப் பிள்ளை உங்கட வரிசையைத் தொடாது. தொட்டாலும் தன்ர போத்தலைத்தான் எடுக்கும். சோதிக்கச் சொன்னதே அவதானே, அழிச்சு என்ன லாபம்? சோதனைக்குப் பயந்த ஆள்தான் அழிச்சது. உங்கட போத்தல் வச்சதே வெள்ளி பின்னேரம்; அது குறைஞ்சிருக்கெண்டால், அதுக்குப் பிறகு வந்து செய்தது நீங்கள்தான்."

யசோதா அந்த ரோஸ் நிறக் குடுவையைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் பிளீச் ஊத்திட்டேன். அது கடைசி. மஞ்சளாக் கிடந்துச்சு. கை தானாவே போய்ச் சாப்பாட்டை எடுத்துருச்சு." றலியா பக்கம் திரும்பினார். "அந்தச் சட்டம் ஏன் போட்டேன் தெரியுமா றலியா? முதல் வருஷம், அவசரத்துல, வெளிநாட்டுக் கலத்துக்கு ஊத்தின போத்தலாலயே வடிவம்மாவோடதுக்கும் ஊத்தினேன். கொஞ்ச நாள்ல கலம் மளமளன்னு வளர்ந்துச்சு. வெளிநாட்டுக் கலம் கலந்து இதை அமுக்கிருச்சோன்னு அப்பவே மனசு சொல்லிச்சு. நான் கேக்கல. 'நாலு பேருக்கு உதவட்டும் தாயி'ன்னு குடுத்துட்டுச் செத்துப் போனா அந்த மனுஷி. அவ கலத்தை நான்தான் கொன்னுட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதையாவது அவசரத்துல செஞ்சேன். இன்னைக்கு எல்லாரும் உன்னைப் பார்த்தப்ப, தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

றலியா எழுந்துபோய் அந்த ரோஸ் நிறக் குடுவையை எடுத்துவந்தாள். அனுப்புவதற்கான பெட்டி மேசையிலேயே இருந்தது.

"என்ன பேர் எழுத மெடம்?"

பத்தொன்பது வருஷம் எழுதிய பேர் யசோதாவின் வாய்வரை வந்தது.

"ஒண்ணும் எழுதாதம்மா," என்றார். "யாரோடதுன்னு சோதிக்கிறவங்களே சொல்லட்டும்."