யாரும் எடுக்காத குவியல்

மறுபடியும் ஒரு குவியல் மிச்சம்.

கடற்கரையில் விரித்திருந்த தென்னங்கீற்றுகள்மேல் சற்று முன்புவரை வரிசையாக மீன் குவியல்கள் இருந்தன. இப்போது எல்லாம் காலி. கடைசிக் கீற்றில் மட்டும் கொழுத்த சூரை மீன்கள் சில, யாரும் சீண்டாமல் கிடந்தன.

லோசா தன் ஓலைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். போன தடவையும் இப்படித்தான். அதற்கு முந்தின தடவையும் இப்படித்தான். எவ்வளவு யோசித்தாலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பசிபிக் கடலிலுள்ள டோக்கெலாவ் நாட்டில், அவர்களுடைய தீவில், ஊர்ப் படகுகள் பிடித்துவரும் மீன் ஊருக்கே பொது. துடுப்பு வலித்தவருக்கும் பங்கு உண்டு, பாயில் படுத்திருப்பவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கீட்டுக்கு இனாத்தி என்று பெயர். "இனாத்தி!" என்று குரல் கேட்டால் வீட்டுக்கு ஒரு பிள்ளை கூடையோடு ஓடிவந்துவிடும்.

பங்கு வைப்பவர் லோசாவின் மாமா ஹேத்தோ. அவருக்கு ஒரு கணக்கு முறை இருந்தது. காலையில் ஊரை ஒரு சுற்று வருவார். எந்தச் சமையல் குடிசையிலிருந்து புகை எழும்புகிறதோ, அந்த வீட்டுக்காக ஓர் ஈர்க்கை ஒடித்துக்கொள்வார். கையில் எத்தனை ஈர்க்கோ, கடற்கரையில் அத்தனை குவியல். பிறகு ஊரின் வடக்குப் பக்கத்து வீடுகளைக் கலோலோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தெற்குப் பக்கத்து வீடுகளைத் தவித்தா கூப்பிடுவார்.

"வடக்குல யாராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார் ஹேத்தோ.

"எங்க பக்கம் எல்லாருக்கும் ஆச்சுண்ணே," என்றார் கலோலோ.

"தெற்குல?"

"ஒருத்தர் பாக்கியில்ல," என்றார் தவித்தா. "நீங்க யோசிச்சு யோசிச்சு உங்க தலையிலேருந்தே புகை கிளம்பியிருக்கும். அதையும் ஒரு வீடுன்னு எண்ணிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹேத்தோ மாமா தன் ஈர்க்குக் கட்டை மூன்றாம் முறையாக எண்ணினார். சரியாகத்தான் இருந்தது. யாருக்கும் சேராத மீனை ஊரில் யார் தொடுவார்கள்? போன இரண்டு முறையும் அது பன்றிகளுக்குத்தான் போயிற்று. இந்தப் புதிர் பன்றிகளுக்கு மட்டும் மிகவும் பிடித்திருந்தது.

லோசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வேறொரு கவலை. பவளத்திட்டுக்கு அப்பால் கப்பல் வந்து நின்றிருந்தது. அந்தக் கப்பலில் அவள் தோழி லூப்பே ஊரைவிட்டே போகப் போகிறாள்.

லூப்பேயின் அப்பா ஃபெரெட்டி, சூரியத் தகடுகளையும் மின்கலங்களையும் பார்த்துக்கொள்ளச் சில வாரங்களுக்கு முன்புதான் ஸாமோவாவிலிருந்து வந்தவர். லூப்பே வந்த முதல் நாளே லோசாவின் பெஞ்சில் உட்கார்ந்தாள். நேற்றுகூட வகுப்பில் என்ன ஒரு சிரிப்பு!

"ஸாமோவாவுக்குத் தலைநகரம் ஆப்பியா. டோக்கெலாவுக்கு எது டீச்சர்?" என்று லூப்பே கேட்டாள்.

"இந்த வருஷமா, அடுத்த வருஷமா?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டார்.

லூப்பே விழித்தாள். "தலைநகரத்துக்குக் கால் முளைச்சிருக்கா?"

"நமக்கு மூணு தீவு. நாட்டுத் தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு தீவுன்னு சுத்தி வரும். தலைவர் எந்தத் தீவோ, அந்த வருஷம் அதுதான் தலைநகரம். ஒரே தீவுல வெச்சுப் பாரு, மத்த ரெண்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும்!"

அப்படிச் சிரித்தவள்தான் இன்று போகிறாள். லோசா கூடையை வீட்டில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்க ஓடினாள்.

லூப்பே சமையல் குடிசையில் தேங்காய் மட்டையை ஊதி ஊதி எரியவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சீமைப்பலா வெந்தது. பக்கத்தில் ஒரு தகர டப்பா மீன்.

"இன்னிக்கும் டப்பா மீனா? உனக்குச் சூரை மீன் பிடிக்காதா?" என்று கேட்டாள் லோசா.

"ரொம்பப் பிடிக்கும்."

"அப்புறம் ஏன்டி இனாத்திக்கு வர மாட்டேங்கற?"

லூப்பே அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "எங்களை யாரும் கூப்பிடலையே. எல்லா வீட்டுப் பேரும் கேக்குது. எங்க வீட்டுப் பேரு மட்டும் வரல. கூப்பிடாம எப்படிக் கூடையைத் தூக்கிட்டு வர்றது? வெளக்கு எரியலன்னா மட்டும்தான் நம்மளைத் தேடறாங்கன்னு அப்பா சொன்னாரு. அதனாலதான் வேற ஆளை அனுப்பச் சொல்லிட்டு நாங்க கிளம்பறோம்."

லோசா அடுப்பருகே உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கோத்தது. துக்கம் பாதி, அடுப்புப் புகை பாதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். புகை கூரை இடுக்கு வழியாக வளைந்து வளைந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

"புகை!" என்று கத்தினாள் லோசா.

"அடுப்பு எரிஞ்சா புகை வராம பூவா வரும்?"

"அது இல்லடி! மாமா இந்தப் புகையையும் எண்ணியிருக்காரு! மிச்சமாகுதே ஒரு குவியல், அது உங்களுது!"

லூப்பேயின் வாய் திறந்தபடியே நின்றது. "அப்போ இத்தனை நாளா எங்க மீனையா பன்றி தின்னுச்சு?"

ஆனால் மாமா வைத்த பங்குக்கு ஏன் யாரும் பெயர் சொல்லவில்லை? லோசா குடிசைக்கு வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள். ஊரை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும் பாதை அங்கேதான் போயிற்று. லூப்பே தூங்கும் வீடு பாதைக்குத் தெற்கே இருந்தது. சமையல் குடிசை பாதைக்கு வடக்கே இருந்தது!

லோசா கடற்கரைக்குப் பறந்தாள். ஒரு பையன் அந்தக் கடைசிக் குவியலைப் பன்றிக் கூடையில் அள்ளப் போனான்.

"அள்ளாதே! அது லூப்பே வீட்டுப் பங்கு!"

கலோலோ திரும்பினார். "அவங்க தெற்கு ஆச்சே? படுக்கறது தெற்குல. தவித்தா கூப்பிட்டிருப்பான்னு நான் விட்டுட்டேன்."

"நானா?" என்றார் தவித்தா. "அடுப்பு வடக்குல இருக்கு. அடுப்பு எங்கயோ அங்கதான் குடித்தனம். நீ கூப்பிட்டிருப்பேன்னுல நான் விட்டேன்!"

இனாத்தியில் ஒரு வீட்டை விட்டுவிடுவதைவிடப் பெரிய வெட்கம் அந்த ஊரில் கிடையாது. இருவரும் மணலைப் பார்த்தார்கள்.

"என் ஈர்க்கு பொய் சொல்லல," என்று முணுமுணுத்தார் ஹேத்தோ மாமா.

"சரி, இன்னிலேருந்து அவங்க வடக்கு. நான் கூப்பிடறேன்," என்றார் கலோலோ.

"அது எப்படி?" என்று பாய்ந்தார் தவித்தா. "ஃபெரெட்டி மட்டையைச் சுழட்டினா பந்து தண்ணியிலதான் விழும்னு யாரோ சொல்லியிருக்காங்க. வடக்கு-தெற்கு கிரிக்கெட் பந்தயத்துல உங்க அணிக்கு இழுக்கப் பாக்கறியா? அவங்க தெற்குதான்!"

"வடக்கு!"

"தெற்கு!"

"சண்டை வேண்டாம். நாளைக்குப் பெரியவங்க சபையில வெச்சு முடிவு பண்ணுவோம்," என்றார் ஹேத்தோ.

கப்பல் ஊதியது. சரக்குப் படகு கரையில் தயாராக நின்றது. தோளில் பெட்டியோடு ஃபெரெட்டி வந்துகொண்டிருந்தார். பின்னால் லூப்பே, தலையைக் குனிந்தபடி.

நாளைக்கா? நாளைக்கு அவர்கள் நடுக்கடலில் இருப்பார்களே! பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் குறுக்கே பேசுவது அந்த ஊரில் வழக்கமில்லை. ஆனாலும் லோசா மாமா முன்னால் போய் நின்றாள்.

"மாமா, ஒரே ஒரு வார்த்தை. தலைநகரம் என்ன பண்ணுது?"

"தலைநகரமா? அது பாட்டுக்கு வருஷா வருஷம் சுத்துது. அதுக்கென்ன இப்போ?"

"அதே மாதிரி லூப்பே வீடும் சுத்தட்டுமே! ஒரு இனாத்திக்கு வடக்கு கூப்பிடட்டும், அடுத்ததுக்குத் தெற்கு கூப்பிடட்டும். கிரிக்கெட்டுக்கும் அப்படியே."

கலோலோ தவித்தாவைப் பார்த்தார். தவித்தா கலோலோவைப் பார்த்தார். மூன்று தீவுகளுக்குச் சரியாக இருப்பது இரண்டு பக்கத்துக்குச் சரியாக இருக்காதா?

"முதல்ல யாரு?" என்றார் தவித்தா சந்தேகமாக.

"இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரும்!" என்றாள் லோசா.

இருவரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். கப்பலின் ஊதலே தோற்றுப்போகும்படி ஒரே குரலில் கத்தினார்கள்:

"ஃபெரெட்டி வீடு!"

ஃபெரெட்டி நின்றார். பெட்டி தோளிலிருந்து மெல்ல இறங்கியது. லூப்பே ஓடிவந்தாள். அவளிடம் கூடை இல்லை. பன்றிக் கூடையைக் காட்டிய பையனை முறைத்துவிட்டு, பாவாடையை விரித்து மீனை வாங்கிக்கொண்டாள்.

"ஏறப் போறீங்களா, இல்லையா?" என்று கத்தினார் படகுக்காரர்.

ஃபெரெட்டி மகளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு கலோலோவையும் தவித்தாவையும் பார்த்தார். அவர்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு மீனையும் சுட்டு முடிக்கணுமே," என்றார் அவர்.

"அதுக்குள்ள கப்பல் போயிடும்!"

"போகட்டுமே," என்றார் ஃபெரெட்டி. "லூப்பே, அடுப்பை மறுபடி மூட்டு. புகை நல்லா மேலே போகணும். ஹேத்தோ அண்ணன் கண்ணுக்குத் தெரியணும்ல?"

பன்றிகள் மட்டும் அன்று வெகுநேரம் கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போதெல்லாம் லூப்பே வீட்டை ஒரு முறை வடக்கு கூப்பிடுகிறது, மறுமுறை தெற்கு கூப்பிடுகிறது. யார் முறை என்பது மறந்துபோனால் இரண்டு பேருமே கூப்பிட்டுவிடுகிறார்கள். குவியல் மிச்சமாவதே இல்லை.