வண்டி வந்த தெரு

சந்தனமாரியின் பெயர் வண்டியின் திரையில் சிவப்பாக மாறியபோது, அறக்கட்டளைப் பணியாளர் பிரிசில்லா அவள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவளைப் பாராட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பிய பயணம் அது. காலையில்கூட அந்தப் பெயர் பச்சையில் இருந்தது.

அறக்கட்டளை படிக்கவைக்கும் பெண்பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரு வளை உண்டு. நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் வீட்டுப் பேச்சின் தொனியையும் அது முன்னுணரி என்ற கணிப்பு இயந்திரத்துக்கு அனுப்பும். எந்தப் பெண்ணின் படிப்பு நிற்கப்போகிறது என்று முன்னுணரி கணித்து, அவள் பெயரைச் சிவப்பாக்கிவிடும். அதன் கணிப்பு தவறியதே இல்லை. பணியாளர்கள் ஓடிப்போய்ச் சிலரை மீட்டார்கள். பலரை மீட்க முடியவில்லை.

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தானோடி வண்டி நின்றதும், எதிர்வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சந்தனமாரியின் அப்பா இசக்கிமுத்து வெளியே வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"எதுக்கு வந்திய? எம் மவ என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலண்ணே. நல்ல மார்க் எடுத்திருக்கா, சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"மார்க்குக்கா வண்டி வரும்? கீழத்தெருவுல ஒரு வீட்டுக்கு வந்துச்சு, அந்த வீட்டுப் பிள்ள ஓடிப்போச்சு. உங்க மிசினு பொய் சொல்லாதுன்னு நீங்கதான கூட்டம் போட்டுச் சொன்னிய?"

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க..."

"ஊரே பாத்துட்டு. எம் மச்சினனக் கூட்டியாரேன், இன்னைக்கே ஒரு முடிவு பண்ணிருவோம். இனி இவ வாசல் தாண்டப்படாது." சட்டையை மாட்டிக்கொண்டு அவர் விறுவிறுவென்று நடந்தார்.

கதவோரம் நின்ற சந்தனமாரி கேட்டாள்: "நல்லாத்தானக்கா இருந்துச்சு. நீங்க ஏன் வந்திய?"

பிரிசில்லா தலைமையகத்தில் இருந்த வசுமதியை அழைத்தாள். "மேடம், இவ பேரு ஏன் சிவந்துச்சு? காரணம் என்னன்னு பாருங்க."

எதிர்முனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பணியாளர் வருகைன்னு வருது," என்றார் வசுமதி.

"அப்போ நான் வந்தே சேரலையே!"

"நீ வரப்போறது அதுக்குத் தெரியுமே."

பிரிசில்லாவுக்குப் புரிந்தது. வண்டி நின்ற வீடுகளிலெல்லாம் பெண்ணைப் பூட்டிவைத்தார்கள். முன்னுணரி அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதன் கணிப்பைப் பலிக்கவைத்தது இந்த வண்டிதான்.

சந்தனமாரியின் அம்மா பேச்சித்தாய் ஒரு துணிப்பையோடு வந்து, மகளை வண்டிக்குள் தள்ளினாள். "கூட்டிட்டுப் போயிரு தாயி. அவரு வந்துட்டா விடமாட்டாரு."

"நீங்களும் வாங்கக்கா."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. போ!"

வண்டி கிளம்பியது. ஆட்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். யாரோ கண்ணாடியில் ஓங்கி அறைந்தார்கள். உப்புக் குவியல்களைத் தாண்டியபோதுதான் பிரிசில்லா மூச்சு விட்டாள்.

"அக்கா, இங்க பாருங்க," என்றாள் சந்தனமாரி.

திரையில் இன்னொரு பெயர் சிவந்திருந்தது. அடுத்து ஒன்று. பிறகு அந்தத் தெருப் பெண்பிள்ளைகளின் பெயர்கள் மொத்தமாகச் சிவக்கத் தொடங்கின. பெண்ணை ஏற்றிக்கொண்டு வண்டி போனதைத் தெருவே பார்த்திருந்தது. இனி எந்த வீடும் தன் பெண்ணை வெளியே விடாது.

"மலர்க்கனி... என் பக்கத்துல உக்காருவாக்கா. ராசாத்தி ஏழாப்புதான் படிக்கா."

சிவப்பு விழுந்த வீட்டுக்குத் தானோடியை அனுப்புவது முன்னுணரியின் வேலை. வண்டி வேகத்தைக் குறைத்து, வந்த வழியே திரும்பியது. பிரிசில்லா நிறுத்தும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"மேடம், வண்டி திரும்பிப் போகுது! நிறுத்துங்க!"

"இங்கிருந்து முடியாதும்மா." வசுமதியின் குரல் உடைந்தது. "மீட்கப் போற வண்டியை யாரும் மறிச்சிடக் கூடாதுன்னு நாமதானே எல்லாத்தையும் முன்னுணரிகிட்ட விட்டோம்."

கதவுகள் திறக்கவில்லை. தெருமுனையில் ஆண்கள் கூடி நின்றார்கள். வண்டிச் சத்தம் கேட்டு முதலில் திரும்பியவர் இசக்கிமுத்து. சந்தனமாரி இருக்கைக்குக் கீழே குனிந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.