கோல்பிக்கு ஐந்து நிமிடம்

அக்கா வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். மார்ச் மாதத்து நெப்ராஸ்காக் காற்று வேன் கதவைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. சுற்றிலும் அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களைத் தவிர வேறொன்றும் கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் விடுமுறை. பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஒமாஹாவிலிருந்து கிளம்பி வந்திருந்தேன்.

பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். தினமும் நாற்பது பிள்ளைகள், நாற்பது விதமான கூச்சல். பின்னால் சத்தம் கேட்கிறவரை எனக்குக் கவலையில்லை. திடீரென்று சத்தம் நின்றால்தான் கண்ணாடியைப் பார்ப்பேன்.

அக்கா வீட்டில் சத்தமே இல்லை.

மூன்று பிள்ளைகள் இருக்கிற வீடு அது. போன கோடைக்கு முந்தின கோடையில் நான் இறங்குவதற்குள் தோட்டத்துக் குழாயை என்மேல் திருப்பிவிட்ட வீரர்கள். இன்று அடுக்களை மேசையைச் சுற்றி முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு வயது பெக்கெட், ஒன்பது வயது ஸெலி, ஆறு வயது கோல்பி. என்னைப் பார்த்ததும் மூவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"காலை வணக்கம், சித்தி."

"அடப்பாவிகளா, என்ன ஆச்சு உங்களுக்கு? யாரும் கட்டிப்பிடிக்கக்கூட மாட்டீங்களா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா பெர்னடெட் தலையசைத்தாள். பிறகுதான் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். கோல்பியின் கை சில்லென்றிருந்தது.

பெர்னடெட் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. பாடமும், ஞானோபதேசம் என்கிற வேதபாடமும் வீட்டிலேயே. நான் ஓட்டுகிற பேருந்தில் ஏறுகிற பிள்ளைகள் உருப்பட மாட்டார்கள் என்பது அவள் அபிப்பிராயம், அதை மறைக்கவும் மாட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த வீட்டை வாங்கினார்கள். ஒரு காலத்தில் கன்னியர் மடம். பின்கட்டில் கன்னியாஸ்திரீகள் சின்ன வகுப்புகளை நடத்தினார்களாம். பிள்ளைகள் கோட்டு மாட்டுகிற நீள அறை ஒன்று அங்கே இன்னும் அப்படியே இருந்தது. அத்தான் வாரனுக்கு ரயில்வேயில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

"பாத்தியா, நோரீன்?" அக்கா காபியை என் முன் வைத்தாள். "அடி இல்ல, திட்டு இல்ல. ஒரு வருஷமா இந்தக் கையால ஒரு பிள்ளைய தொடல."

"சந்தோஷம். ஆனா மூணும் உயிரோடதான் இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை.

பத்து மணிக்குக் கோல்பியின் முழங்கை பட்டுப் பால் தம்ளர் கவிழ்ந்தது. ஞானோபதேசப் புத்தகமெல்லாம் பால். இதெல்லாம் ஒரு விஷயமா? நான் துணியைத் தேடினேன்.

"கோல்பி," என்றாள் அக்கா, மெதுவாக. "அஞ்சு நிமிஷம்."

பையனின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. அழவில்லை, கெஞ்சவில்லை. நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டுப் பின்கட்டை நோக்கி நடந்தான். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஸெலி புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் உதடுகள் மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

டக்.

மரத்தில் மரம் தட்டுகிற ஒலி. பின்கட்டிலிருந்து வந்தது.

டக். டக்.

பெர்னடெட் எழுந்துபோய் அடுக்களைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தொட்டியில் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் சோவென்று கொட்டியது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"பெர்னி, அங்க யாரு?"

"யாருமில்ல. உக்காரு."

"அப்ப எதுக்குக் குழாயத் திறந்த?"

நான் போனேன்.

பின்கட்டு நடையில் கஞ்சி போட்ட துணியின் வாடை அடித்தது. கூடவே சாக்பீஸ் தூள், கார்பாலிக் சோப்பு. எனக்குள் ஏதோ ஒன்று, திரும்பிப் போ என்றது. கோட்டறைக் கதவின் பித்தளைப் பிடி கையைக் கடிக்கிற குளிர்ச்சியில் இருந்தது. திறந்தேன்.

சன்னல் வழியே நல்ல வெயில். சுவர் நெடுகக் குழந்தைகள் உயரத்தில் வெறும் கொக்கிகள். நடுவில் கோல்பி, சுவரைப் பார்த்து முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வைத்திருந்தான். கைகள் நடுங்கின.

"சரிங்க, சிஸ்டர்," என்றான் சுவரிடம். "நான் கவனக்குறைவா இருந்தேன், சிஸ்டர்."

அறையில் வேறு யாருமில்லை.

ஓடிப்போய் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். வரவில்லை. ஆறு வயதுப் பையன், என்ன கனம் இருக்கப்போகிறது? அவன் தோளை மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத யாரோ அழுத்திக்கொண்டிருந்தார்கள். அழுத்துகிற விரல்களின் குழி அவன் சட்டையில் தெரிந்தது.

"விடு," என்றேன். "யாரா இருந்தாலும் விடு."

என் விரல் முட்டிகளின்மேல் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

பயப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு வந்தது கோபம். தலை முதல் கால் வரை பற்றியெரிகிற கோபம். ஒரு குழந்தையின் தோளில் முழு பலத்தையும் காட்டுகிற எதுவானாலும், செத்ததோ உயிரோடிருப்பதோ, எனக்கு ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பிடி விட்டது. அவனைச் சுமந்துகொண்டு அடுக்களைக்கு வந்து, மேசைமேல் உட்காரவைத்து, கால்சட்டையைச் சுருட்டினேன்.

இரண்டு முழங்காலிலும் சிறுசிறு பள்ளங்கள். மணிகளைத் தரையில் பரப்பி அதன்மேல் முழந்தாளிட வைத்ததுபோல், ஒவ்வொன்றும் ஒரு மக்காச்சோள மணி அளவு, வரிசை வரிசையாக, சிவந்து போயிருந்தன. அந்த அறையின் தரையில் ஒரு மணிகூடக் கிடக்கவில்லை. பழைய தழும்புகளும் இருந்தன. ஸெலியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெக்கெட்டையும் பார்த்தேன். மூவருக்கும் அதே.

குழாயை ஓங்கி மூடினேன்.

"எல்லாம் தெரிஞ்சுதான் அனுப்புறியா?"

"சத்தம் போடாத, நோரீன்."

"போடுவேன்! உனக்கு வெக்கமா இல்ல? பெத்தவதானே நீ?"

"பிள்ளை பெத்துக்காதவ பேசுற பேச்சைப் பாரு!" அவள் குரலும் ஏறியது. பிறகு சட்டென்று உடைந்தது. "போன தவக்காலத்துல கோல்பியை மரக்கரண்டியால அடிச்சிட்டேன். கரண்டி முறிஞ்சுபோச்சு. நிறுத்த முடியல நோரீன், என் கை நிக்கல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அழுதேன். இனிமே தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன்."

"அப்புறம்?"

"ரெண்டு வாரம் தாங்கினேன். மூணு பேரும் சேர்ந்து என்னைப் படுத்தினாங்க. பின்கட்டுல நின்னு கத்தினேன். என்னால முடியல, வேற யாராவது வந்து இதுங்களை அடக்குங்கன்னு. கோவத்துல சொன்னதுதான். அன்னைக்கு சாயங்காலம் முதல்தடவையா தட்டுற சத்தம் கேட்டுது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் அடிக்கல. நான் சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்."

"நல்லா காப்பாத்தின! உன் கை சுத்தமா இருக்கணும்னு பிள்ளைங்களை வேற ஒருத்தி கையில குடுத்திருக்க. அதுக்குப் பேரு பொறுமையாடி?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை.

"மூணு பேரும் என்கூட வர்றாங்க. வேணும்னா ஷெரிஃபுக்கு போன் பண்ணு. நீயும் வர்றதானா ஏறு."

"நான் வரல. வாரனுக்கு நான்தான் சொல்லணும்," என்றாள். பிறகு தானே எழுந்து பிள்ளைகளின் கோட்டுகளை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகப் பொத்தான் போட்டுவிட்டாள்.

அறுபது மைல் வரை வேனில் பேச்சுமூச்சு இல்லை. ஒமாஹா போகிற வழியில் யார்க் என்ற ஊரருகே நிறுத்தி உருளைக்கிழங்கு வறுவலும் மில்க் ஷேக்கும் வாங்கிக்கொடுத்தேன். உச்சி வெயில் ஏறியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் இளகினார்கள். முதலில் பெக்கெட் ஒரு ஏப்பம் விட்டான். ஸெலி "சீ, பன்னி!" என்றாள். கோல்பி சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. கத்துங்கடா, நல்லா கத்துங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடத்துச் சத்தம் முழுவதையும் அவர்கள் இருபது மைலில் தீர்த்துவிடப் பார்த்தார்கள். வறுவலுக்குச் சண்டை. என் இருக்கையின் முதுகில் உதை. இழுபறியில் யாருடைய ஷேக்கோ பறந்துவந்து என் பிடரியில் விழுந்து, சில்லென்று முதுகுக்குள் வழிந்தது.

நான் துள்ளினேன். வேன் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த தானிய லாரி அலறியது. அதன் சக்கரம் என் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது.

எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினேன். கை ஓங்கியிருந்தது, என் கைதான். பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் காட்டாத குரல் என் வாயிலிருந்து வந்தது.

"சனியன்களா! உங்களையெல்லாம் அடக்க ஒரு ஆள் வந்தாத்தான் சரிப்படும்!"

சத்தம் நின்றது.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பார்வையில் பயம்கூட இல்லை. இவளுமா என்கிற மாதிரி ஒரு அலுப்புதான் இருந்தது. நான் கையை இறக்கினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

வேன் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது.

பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது தெரியும். படியில் ஒருவர் கால் வைத்து உடம்பின் பாரத்தை ஏற்றும்போது வண்டி இப்படித்தான் லேசாக ஒரு பக்கம் இறங்கி நிமிரும். கதவுகள் எல்லாம் பூட்டியிருந்தன. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வயல், வெயில், காற்று. கஞ்சி போட்ட துணியின் வாடை அடித்தது.

"இல்ல," என்றேன். "நான் கூப்பிடல. நான் அப்படிச் சொல்லல."

பின்னிருக்கையில் மூவரும் பெல்ட்டைக் கழற்றினார்கள். ஒருவரோடொருவர் ஒட்டி நகர்ந்து, சன்னலோரம் ஒரு ஆள் உட்காருமளவு இடம் விட்டார்கள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். காலியாயிருந்த இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.

கோல்பி மட்டும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான்.

"வண்டிய எடுங்க, சித்தி," என்றான் தணிந்த குரலில். "அவங்க ஏறிட்டாங்க."